மே மாதம் ஆச்சி வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பப் போகும் தாய்க்கு

நீங்கள் கேட்டது இது. சென்னையில் நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறீர்கள். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. கணவரின் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அங்கே 72 வயது மாமியார், கணவரின் அண்ணன், அவருடைய மனைவி, அதாவது உங்கள் ஓர்ப்படியாள், அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். விடுமுறைக்கு உங்கள் நாத்தனார் பிள்ளைகள் மூவரும் அங்கே வந்துவிடுவார்கள். போன வருடம் உங்கள் பிள்ளைகளையும் அனுப்பினீர்கள். ஆறே நாளில் போய் அழைத்து வரும்படி ஆயிற்று. இருவரும் போனை விட்டு நிமிரவில்லை, பொழுதே போகவில்லை என்று அழுதார்கள், கடைசியில் உங்களுக்கும் ஓர்ப்படியாளுக்கும் மனத்தாங்கல். இந்த வருடம் 25 நாள் அனுப்ப ஆசைப்படுகிறீர்கள். ஆற்றங்கரை ஊர், அக்கினி வெயில் என்று பயமும் இருக்கிறது. அனுப்பலாமா, அனுப்பினால் பிள்ளைகள் அங்கே என்னதான் செய்வார்கள் என்று கேட்கிறீர்கள்.

அனுப்புங்கள். நான் அதே தாமிரபரணி ஆற்றின் இன்னொரு கரையில், கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன். 33 வருடம் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அக்காள் பேரன், தம்பி பேத்தி, கொழுந்தன் பிள்ளைகள் என்று ஒவ்வொரு மே மாதமும் ஏழு முதல் பதினோரு பிள்ளைகள் எங்கள் வீட்டில் தங்குகிறார்கள். வந்த நாலாம் நாளே ஊருக்குப் போகவேண்டும் என்று அழுத பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். ஜூன் மாதம் ரயில் ஏறும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடாத அதே பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். போன வருடம் உங்கள் வீட்டில் நடந்ததை நான் பார்க்காமலே சொல்லிவிடலாம். முதல் நாள் அல்வா. இரண்டாம் நாள் பூரி, உருளைக்கிழங்கு. மூன்றாம் நாள் கார் பிடித்துப் பாபநாசம். நாலாம் நாள் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள், உங்கள் பிள்ளைகள் பட்டாசலில், அதாவது கூடத்தில், உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்வதற்கு அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. எதைத் தொட்டாலும் "நீ சும்மா இரு கண்ணு, வெயிலில் போகாதே" என்று அன்பாக ஒரு தடை. அப்புறம் போன் இல்லாமல் வேறு எதை எடுப்பார்கள்? ஊர் அலுப்பாக இருக்கிறது என்று பெரியவர்கள் அதற்கு விளக்கம் சொல்கிறோம். அந்த வீட்டின் அன்றாடத்தில் பிள்ளைக்கு ஓர் இடம் கொடுக்காததுதான் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே எங்கள் வீட்டில் முதல் வழக்கம் இது: வந்த மறுநாள் காலையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பெயரில் ஒரு வேலை. ஒத்தாசை என்று சொல்லி எப்போதாவது கூப்பிடுகிற வேலை அல்ல. அந்தப் பிள்ளை செய்யாவிட்டால் அன்று அது நடக்காது என்கிற வேலை. எட்டு வயதுப் பையனுக்குத் தூக்குவாளியோடு போய் பால் வாங்கி வருவது, மாலையில் புறவாசல் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, சாப்பாட்டு நேரத்தில் எத்தனை பேர் என்று எண்ணி இலையோ தட்டோ போடுவது. பன்னிரண்டு வயது மகளுக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுவதை மட்டும் கொடுத்து நிறுத்திவிட வேண்டாம். அவளிடம் மளிகைச் சிட்டையைக் கொடுங்கள். கடைக்குப் போய் வாங்கி, மீதிச் சில்லறையைக் கணக்கு எழுதி ஆச்சியிடம் ஒப்படைக்கட்டும். பையன் கோலம் போட்டால் யாரும் சிரிக்கக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் மிக நேர்த்தியாகப் புள்ளிக் கோலம் போடுகிறவன் என் தம்பி பேரன்தான்.

வேலை என்றால் பிள்ளைகள் ஓடுவார்கள் என்று நினைப்பீர்கள். ஒரு காலையை மட்டும் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் பெங்களூரிலிருந்து ஒன்பது வயதுப் பேரன் வந்திருந்தான். பேச்சே கிடையாது, எதைக் கேட்டாலும் தோளைக் குலுக்குவான். அந்த வாரம் கூழ் வற்றல் போட்டோம். பச்சரிசி மாவும் ஜவ்வரிசியுமாக முந்தின இரவே கூழ் காய்ச்சி, பச்சை மிளகாய், உப்பு, சீரகம், பெருங்காயம் போட்டு இறக்கி வைத்திருந்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு எல்லாரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தோம். கூழில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். ஆளுக்கு ஒரு கரண்டி. கரண்டியைத் துணிக்கு மேல் ஒரு விரல்கடை உயரத்தில் பிடித்து, கூழ் தானாக வழிந்து வட்டமாகப் பரவும்படி விடவேண்டும், தேய்க்கக் கூடாது. அவன் கரண்டியைச் சட்டென்று தூக்கினான். அவன் ஊற்றிய ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு வால். பெண்பிள்ளைகள் இருவர் திருத்தப் போனார்கள், நான் விடவில்லை.

ஊற்றி முடித்ததும் காக்கைக் காவல் அவனுக்கு. கறுப்புத் துணி கட்டிய கம்பு ஒன்று, பழைய குடை ஒன்று, சொம்பில் மோர். வெயில் ஏறியதும் கீழே வந்துவிட வேண்டும், பிறகு அரைமணிக்கு ஒருமுறை ஏறிப் பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். அன்று இரவு சாப்பிடும்போது முதல் தடவையாக அவனாக வாயைத் திறந்தான். "ஆச்சி, நான் பார்த்துக்கொண்டிருந்தால் காக்கா வருவதில்லை. நான் திரும்பினால்தான் வருகிறது. அதற்கு என் கண் தெரிகிறது" என்றான். மறுநாள் காய்ந்த வேட்டியைப் புரட்டிப் போட்டு, முதுகில் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரித்தோம். உரிக்கும்போது கிழியாமல் வருகிற சுகம் பிள்ளைகளுக்கு விரலிலேயே தெரிந்துவிடும். போதும் என்று சொன்னாலும் எழுந்திருக்க மாட்டார்கள். இன்னும் இரண்டு நாள் முறத்தில் காய்ந்து, ஒடித்தால் படக்கென்று ஒடிகிற பதம் வந்தது. பொரித்து இலையில் போட்டபோது வால் முளைத்த வற்றலை எடுத்து, இது என்னுடையது என்று எல்லாருக்கும் காட்டினான். அந்த வருடம் அவனுடைய அம்மா அழைத்துப் போக வந்தபோது, ஒரு டப்பா நிறைய வால் வற்றலை அவன் தனியாக எடுத்து வைத்திருந்தான்.

உங்கள் மாமியாருக்கு வற்றல், மாவடு, மோர் மிளகாய் எல்லாம் கைவந்த வேலையாக இருக்கும். இந்த வயதில் அவர் தனியாகச் செய்ய முடியாமல் விட்டிருப்பார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லட்டும், ஏழு பிள்ளைகளும் செய்யட்டும். பெரியவருக்கு அதைவிட மரியாதை வேறு இல்லை.

பகல் பொழுதுக்கு வருகிறேன். மே 4 வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கி 28 வாக்கில் முடியும். அந்த நாட்களில் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை எந்தப் பிள்ளையும் வெளியே போகக் கூடாது என்று கண்டிப்பாக இருங்கள். அந்த ஐந்து மணி நேரத்தில்தான் போன் உள்ளே நுழையும். பல்லாங்குழியை எடுத்து வையுங்கள். 14 குழி, குழிக்கு ஐந்து முத்தாக 70 முத்து. காலிக் குழியில் நாலு முத்து சேர்ந்தால் பசு. அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று நாலு ஆட்டத்துக்குள் பிள்ளைகள் மனக்கணக்கு போட ஆரம்பித்துவிடுவார்கள். கணக்கில் தட்டுத்தடுமாறுகிற பிள்ளைக்கு நான் 33 வருடத்தில் கண்ட நல்ல மருந்து இதுதான். தாயம் இன்னும் சத்தமான ஆட்டம். பெரியவர் சிறியவர் கலந்து ஆடலாம், மாமாவின் காயைப் பேத்தி வெட்டலாம். தட்டாங்கல், பரமபதம் என்று மற்றவையும் உண்டு. ஆனால் ஒன்று: பெரியவர்கள் உட்கார்ந்து ஆடவேண்டும். பலகையை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் அது அரைமணியில் பரணுக்குப் போய்விடும்.

வெயிலுக்கு நுங்கும் பதநீரும் இருக்கின்றன. காலையில் பதநீர் கொண்டுவருகிறவர் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் பதநீராக நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் அவர் வாயாலேயே கேட்கட்டும். நுங்கு தின்ற வெற்றுக் காய்கள் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பு வைத்துத் தள்ளினால் வண்டி. பத்து வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளையும் அதற்கு மேல் பொம்மை கேட்டு நான் பார்த்ததில்லை. வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் பதற வேண்டாம்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளை துவண்டு போனாலோ, உடம்பு கொதித்துப் பேச்சு தடுமாறினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 108.

ஆறு. இதைத்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள், பயப்படுவது சரி. ஆனால் ஆற்றங்கரையில் 25 நாள் இருக்கும் பிள்ளையை ஆற்றுக்கே போகாதே என்று சொல்வது நடக்காது. கூட்டிப் போகாவிட்டால் ஒருநாள் தாங்களாகப் போவார்கள், ஆபத்து அங்கேதான். தாமிரபரணி பொதிகையில் பிறந்து 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலில் சேர்கிற ஆறு. மே மாதத்தில் படித்துறையில் நின்று பார்த்தால் கணுக்கால் அளவு பளிங்குத் தண்ணீர், கீழே கூழாங்கல் தெரியும். பத்தடி தள்ளி ஆள் மூழ்குகிற பள்ளம் இருக்கும், மேலே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மேலே மலையில் கோடை மழை பெய்தாலும், அணையிலிருந்து தண்ணீர் விட்டாலும், கீழே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு ஏறும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அருவிக்கும் இதே எச்சரிக்கைதான்.

நாங்கள் வைத்திருக்கிற கட்டுப்பாடுகளைச் சொல்கிறேன், உங்கள் மைத்துனரிடம் இவற்றை வாய்விட்டுப் பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள். வீட்டார் தினமும் குளிக்கிற படித்துறையில் மட்டும்தான் இறங்குவது; அந்த இடத்தின் ஆழம் அவர்களுக்கு உள்ளங்கைபோலத் தெரியும். இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர், நீச்சல் தெரிந்தவர், கையில் போன் இல்லாதவர். அவர் கரையில் உட்காரக் கூடாது. தண்ணீர் ஓடுகிற திசையில், பிள்ளைகளுக்குக் கீழே, இடுப்பளவு தண்ணீரில் நிற்கவேண்டும். பிள்ளை வழுக்கினால் அவர் கைக்குத்தான் வந்து சேரும். பாறை மேலிருந்து தலைகீழாகக் குதிப்பது கூடவே கூடாது. தண்ணீர் நிறம் மாறினாலோ, திடீரென்று சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, எல்லாரும் உடனே கரையேற வேண்டும். இதை எங்கள் வீட்டு ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்லும்.

நீச்சலை 25 நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். என் வீட்டுக்காரர் இதுவரை இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். முதல் மூன்று நாள் நீச்சலே இல்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை விடுவது, எழுந்து மூச்சை இழுப்பது, அவ்வளவுதான். பிறகு பிள்ளையின் வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து மிதக்க விடுவார். துண்டை இடுப்பில் சுற்றி முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டு காலடிக்கப் பழக்குவார். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ, சொல்லாமல் துண்டைத் தளர்த்துவார். பிள்ளை நாலு கை போட்ட பிறகுதான் திரும்பிப் பார்க்கும். ரப்பர் டியூபை நம்பி மட்டும் விட்டுவிடாதீர்கள். கை நழுவினால் அது ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். ஷாம்பு உறை, பழைய துணி எதையும் ஆற்றில் விடக் கூடாது என்பதையும் நீச்சலோடு சேர்த்தே கற்றுக்கொடுக்கிறோம். பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி ஆற்றில் விடப்படும் துணிகளைப் பார்த்து ஒரு பேத்தி, "ஆற்றை யார் துவைப்பார்கள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். நீங்கள் எழுதியதில் ஒரே வரியில் கடந்து போனீர்கள்: ஓர்ப்படியாளோடு மனத்தாங்கல். என் கணிப்பில் போன வருடம் ஆறே நாளில் முடிந்ததற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

அந்த வீட்டு அடுக்களையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அன்றாடம் ஐந்து பேர். மே மாதம் நாத்தனார் பிள்ளைகள் மூன்று, உங்கள் பிள்ளைகள் இரண்டு, பத்துப் பேர். ஆளுக்கு நாலு இட்லி என்றாலும் காலைக்கு 40 இட்லி, சட்னி, சாம்பார். முடித்து நிமிர்வதற்குள் ஒருவனுக்குப் பசி. பதினொன்றுக்கு மோர், ஒன்றரைக்குச் சாப்பாடு, நாலரைக்குப் பலகாரம், எட்டுக்கு மறுபடி அடுப்பு. பத்துப் பேரின் துணி. இந்த வெயிலில், அந்தப் புகைக்கூண்டுக்குக் கீழே நின்று இதைச் செய்வது உங்கள் ஓர்ப்படியாள். அவருக்கு விடுமுறை எது? அவருடைய பிள்ளைகளுக்கும் அது விடுமுறைதான். அவர்கள் சென்னை பார்க்க ஆசைப்பட்டிருக்க மாட்டார்களா?

நான் மருமகளாக வந்த புதிதில் ஒரு மே மாதம் 14 பேருக்குச் சமைத்தேன். எல்லாரும் நல்லவர்கள், பாசமானவர்கள். "மதினி கை மணமே தனி" என்று தினமும் சொன்னார்கள். ஒருவரும் ஒரு பாத்திரத்தை நகர்த்தவில்லை. மாதக் கடைசியில் காய்ச்சலில் படுத்தேன். அடுத்த வருடம் பிள்ளைகள் வரும் தேதி நெருங்க நெருங்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிள்ளைகள் மேல் எனக்கு ஆசை இருந்தது, ஆனால் அவர்கள் வரவேண்டாம் என்றும் இருந்தது. இந்த இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு பரிமாறுகிற பெண்ணின் வாயிலிருந்து ஒருநாள் ஒரு சொல் தவறி விழும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்து வருடம் பேசாமல் இருக்கிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

ஆகவே செலவை முதலில் சரிசெய்யுங்கள். என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள், ஒன்றும் வேண்டாம் என்றுதான் பதில் வரும். அந்த மாதத்துக் கூடுதல் கேஸ் சிலிண்டர் நம்முடையது, பால் கணக்கு நம்முடையது, பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும் ஒரு மாதத்துக்கு ஆள் வைத்து அவருடைய சம்பளம் நம்முடையது என்று நீங்களே தீர்மானித்துச் சொல்லுங்கள். பணத்தை மாமியார் கையிலோ மைத்துனர் கையிலோ கொடுக்க வேண்டாம். அடுக்களையில் நிற்கிறவர் கையில் கொடுங்கள். அப்புறம் உங்கள் கணவர். 25 நாளில் அவர் ஒரு வாரமாவது லீவு போட்டுவிட்டு அங்கே போய் இருக்கட்டும், போய்த் தார்சாவில் சாய்ந்து பேப்பர் படிக்காமல் காலை அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். அம்மா வீட்டுக்குப் போன மகனுக்கு அடுக்களை தெரியாதா என்ன, அவர் வளர்ந்த வீடுதானே.

வாரத்தில் ஒருநாள் கூட்டாஞ்சோறு. அன்று வீட்டுப் பெண்கள் யாரும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. அரிசியும் துவரம்பருப்பும், வாழைக்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய், ஒரு துண்டு மாங்காய், கைநிறைய முருங்கைக்கீரை. தேங்காய், மிளகாய் வற்றல், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்து விட்டு, புளி கரைத்து ஊற்றி, ஒரே பானையில் வேகவைப்பது. கீரை ஆய்வது சின்னப் பிள்ளைகள், காய் நறுக்குவது பெரிய பிள்ளைகள், அடுப்பில் நிற்பது ஓர் ஆண்பிள்ளைப் பெரியவர். ஒருமுறை உப்பு கூடும், ஒருமுறை அடிப்பிடிக்கும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு நாளில் என் கொழுந்தன் மகள் சொன்னாள்: "பெரியம்மா, நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுவதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்." அவளுக்கு அப்போது பதினொரு வயது. மே மாதம் தோறும் எங்கள் வீட்டுக்கு வந்தவள்.

அடுத்த மே மாதமோ, தசரா விடுமுறையோ, அவருடைய பிள்ளைகளை உங்கள் வீட்டுக்கு அழைத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு படுக்கை அறை வீடு என்று தயங்காதீர்கள். பாய் விரித்தால் இடம் உண்டு. உறவு ஒரு பக்கமாகவே ஓடினால் அதற்குப் பெயர் வேறு.

போனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், மேலே சொன்னதெல்லாம் நடந்தால் அது தானாகச் சுருங்கிவிடும். பிடுங்கிப் பூட்டி வைத்தால் சண்டைதான் மிஞ்சும். எங்கள் வீட்டில் சாமி அறைக்கு வெளியே ஒரு பனையோலைக் கொட்டான் இருக்கிறது. காலையில் எல்லாருடைய போனும் அதற்குள். மாலை ஏழிலிருந்து எட்டு வரை எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களின் போனும் அதே கொட்டானில், வேலை நிமித்தமாக வருகிற அழைப்பைத் தவிர. மாமா கையில் போன் இருக்கும்வரை மருமகனிடம் நீதி பேச முடியாது.

இன்னொன்று பெரியவர்களின் வாய். ஊருக்குப் பிள்ளை வந்ததும் முதல் கேள்வி மார்க். இரண்டாவது, ஏன் இப்படி இளைத்துவிட்டாய், அல்லது ஏன் இப்படிப் பெருத்துவிட்டாய். மூன்றாவது, வெயிலில் கறுத்துவிட்டாயே. பன்னிரண்டு வயதுப் பெண் இந்த மூன்றையும் ஒரே நாளில் கேட்டால் ஊர் அவளுக்குக் கசந்துவிடும். நாங்கள் இதற்கு ஒரு தீர்மானம் செய்தோம்: பிள்ளைகள் தங்கும் மாதத்தில் மார்க்கும் உடம்பும் நிறமும் இந்த வீட்டில் பேசுவதில்லை, ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை. என் மாமியார் உயிரோடு இருந்தபோது அவரிடமே சொன்னேன். ஒருநாள் யோசித்தார், மறுநாள் ஒப்புக்கொண்டார். உங்கள் மாமியாரிடம் உங்கள் கணவர்தான் இதைப் பேசவேண்டும். உங்கள் மகளுக்கு இதற்குள் மாதவிடாய் வந்திருந்தாலோ அங்கே இருக்கும்போது வந்தாலோ, ஒதுக்கி உட்கார வைப்பது கிடையாது என்பதையும் முன்கூட்டியே தெளிவுபடுத்தி, வேண்டியதைப் பையில் வைத்து அனுப்புங்கள்.

சொல்லத் தயங்குகிற விஷயம் ஒன்று. உறவுக்காரர்கள், தெரிந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பலர் வந்து போகிற வீட்டில் பிள்ளைகளின் பாதுகாப்பை யாராவது ஒருவர் கண்ணில் வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் பட்டாசலில் வரிசையாகப் பாய் போட்டுப் படுப்பார்கள், ஒரு கோடியில் நான், மறு கோடியில் என் ஓர்ப்படியாள். யாரையும் கட்டிப்பிடிக்கவோ முத்தம் கொடுக்கவோ பிள்ளையை வற்புறுத்துவதில்லை. கைகூப்பி வணக்கம் சொன்னால் போதும். தினமும் இரவு ஒரே நேரத்தில் பிள்ளைகளோடு பேசுங்கள்; ஒவ்வொருவரும் தனியாக ஐந்து நிமிடம், ஸ்பீக்கர் போடாமல். யாராவது நடந்துகொண்ட விதம் பிடிக்கவில்லை, அம்மாவிடம் சொல்லாதே என்றார்கள் என்று பிள்ளை சொன்னால் அதை அப்படியே நம்புங்கள், குடும்ப மானம் என்று அமுக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098 என்பதைப் பிள்ளைகள் இருவரும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

ஊர் சுற்றுவது வாரம் ஒருமுறை போதும். பக்கத்திலேயே நிறைய இருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிச் சொப்புச் சாமான் செய்கிறவர்களைப் பார்க்கலாம். எங்கள் ஊரில் அப்பளம் இடுவது உலகறிந்த தொழில். பத்தமடையில் கோரையை நார்நாராகக் கிழித்துப் பாய் நெய்கிறார்கள். கடையத்தில் பாரதியார், மனைவி செல்லம்மாளின் ஊர் என்பதால், 1918 இறுதியிலிருந்து 1920 வரை குடும்பத்தோடு வாழ்ந்தார். மகள் பள்ளியில் பாட்டு படிக்கிறவள் என்றால் அந்தத் தெருவில் ஒருமுறை நடக்கட்டும். அகத்தியர் அருவி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கை வாங்கிவிடுவார்கள் என்பதால் தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். குற்றாலத்தை மே மாதத்தில் எதிர்பார்க்க வேண்டாம். அதன் சீசன் ஜூனில் சாரலோடு தொடங்குவது.

டிக்கெட் விஷயம்: 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. மே முதல் வாரத்துக்கு மார்ச் முதல் வாரத்தில் காலை எட்டு மணிக்கே உட்கார வேண்டும். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாம் என்றால் பாதி. உங்கள் மகளுக்கு எப்படியும் முழு டிக்கெட்தான். நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி வந்து செங்கோட்டை ரயிலில் ஏறினால் அம்பாசமுத்திரத்திலேயே இறங்கலாம். சேரன்மாதேவி தாண்டியதும் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள், இரண்டு பக்கமும் வயலும் வாழையும் எதிரே மலையும் வரும்.

பையில் பருத்தித் துணிகள், ஆற்றுக்கு இரண்டு பழைய உடுப்பு, தொப்பி, பிள்ளைகள் சாப்பிடுகிற மருந்தும் ஒவ்வாத மருந்தின் பெயரும் எழுதிய தாள், ஆளுக்கு ஒரு டார்ச். இரவில் புறவாசலுக்குப் போகும்போது டார்ச்சும் செருப்பும் இல்லாமல் போகக் கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ கூடாது. கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து அரசு மருத்துவமனைக்குப் போவது ஒன்றுதான் வழி. புதிய பொம்மைகளும் பெட்டி பெட்டியாகத் தின்பண்டமும் வேண்டாம், அங்கே இருக்கும் ஐந்து பிள்ளைகளின் முன்னால் அவற்றைப் பிரிப்பதில்தான் முதல் சண்டை தொடங்கும். வாங்கினால் ஏழு பேருக்கும் வாங்குங்கள்.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன்னால் இன்று மாலை ஒரு போன் பேசிவிடுங்கள், மாமியாருக்கு அல்ல, உங்கள் ஓர்ப்படியாளுக்கு. போன வருடம் யார் என்ன சொன்னார்கள் என்பதற்குள் போக வேண்டாம். "அக்கா, இந்த வருடம் பிள்ளைகளை அனுப்பலாம் என்று இருக்கிறோம், உங்களுக்கு எத்தனை நாள் தோதுப்படும்?" என்று கேளுங்கள். 25 என்று நீங்கள் நினைத்திருந்து அவர் 12 என்று சொன்னால், 12 நாளுக்கு டிக்கெட் எடுங்கள்.